ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தேட எதைத் திறப்பது? இருமொழி அகராதி, ஆங்கில அகராதி, தெசாரஸ், செயலி, சாட்பாட்: ஓர் ஒப்பீடு

ஆங்கிலத்தில் ஒரு சொல் புரியவில்லை, அல்லது புரிந்த சொல்லையே திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய் அதற்குப் பதில் வேறொன்று வேண்டும். போனிலேயே ஆங்கிலம்–தமிழ் அகராதி இருக்கிறது, ஆங்கிலம்–ஆங்கிலம் இருக்கிறது, மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது, இணைச்சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸ் இருக்கிறது, இப்போது சாட்பாட் வேறு வந்துவிட்டது. எதைத் திறப்பது? "ஆங்கிலம்–ஆங்கிலம்தான் பார்க்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அதைத் திறந்தா இன்னும் நாலு சொல் புரியாம போகுது" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் படிப்பதற்காகத் தேடுகிறீர்களா, எழுதுவதற்காகத் தேடுகிறீர்களா என்பதுதான் முக்கியம். படிக்க என்றால் தமிழ் அகராதி போதும், அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. எழுத என்றால் மாணவர்களுக்கென்று தயாரிக்கப்பட்ட ஆங்கிலம்–ஆங்கில அகராதியைத் தவிர வேறு எதுவும் உங்களை முழுசாகக் காப்பாற்றாது. மற்றவை எல்லாம் துணைக்கு.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: ஃபேர். "இது அன்ஃபேர்", "புக் ஃபேர்", "ஃபேர் காப்பி" என்று நாம் தமிழிலேயே புழங்கும் சொல் இது. (பஸ் கட்டணத்தைச் சொல்லும் ஃபேர் வேறு சொல், அதற்கு எழுத்துக்கூட்டலே வேறு, அதை விட்டுவிடலாம்.) தெரிந்த சொல்தானே என்று நினைப்போம். ஆனால் நியாயமான, வெளிர் நிறமான, சுமாரான, கணிசமான, மழையில்லாத, சந்தை என்று அது எடுக்கும் பொருள்களைப் பார்த்தால், எந்தக் கருவி நன்றாக வேலை செய்கிறது என்பது இந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். பல பொருள் உள்ள சொல்லில் என் வாக்கியத்துக்கான பொருளை அடையாளம் காட்டுகிறதா? அந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேரும், எதோடு சேராது என்று சொல்கிறதா? பேச்சில் வருவதா, அலுவலகக் கடிதத்தில் வருவதா, பழசாகிப்போனதா என்று தெரிகிறதா? கடைசியாக, அது தவறாகச் சொன்னால் எனக்குத் தெரியவருமா?

இந்த நான்காவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் ரொம்ப முக்கியம், ஏனென்றால் பொருள் தெரியாவிட்டால் நின்று தேடுவோம், தவறான பொருளைச் சரி என்று நம்பிவிட்டால் தேடவே மாட்டோம்.

## ஆங்கிலம்–தமிழ் அகராதி

வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கதையோ செய்தியோ படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சொல் இடறினால், ஐந்து விநாடியில் தமிழில் பொருளைப் பார்த்துவிட்டு மேலே போகலாம், படிப்பின் ஓட்டமும் அறுந்துபோகாது. தாவரம், விலங்கு, நோய், சட்டம், கருவி ஆகியவற்றின் பெயர்களுக்கு இதுவே சிறந்தது. ஒரு மரத்தின் பெயருக்கு ஆங்கில அகராதி இரண்டு வரி விளக்கம் கொடுக்கும், படித்து முடித்தாலும் எந்த மரம் என்று தெரியாது. தமிழ் அகராதி "வேம்பு" என்று போட்டால் வேலை முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராக வைத்து வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை இன்றைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் புரட்டுவது இதனால்தான்.

சிக்கல் ஃபேர் போன்ற சொற்களில் வருகிறது. அழகான, நியாயமான, ஓரளவு நல்ல, தெளிவான, வெண்மையான, சந்தை என்று காற்புள்ளி போட்டு வரிசையாக அடுக்கிவிடுவார்கள். உங்கள் வாக்கியத்துக்கு எது என்பதை நீங்களே ஊகிக்க வேண்டும். அந்த வரிசையில் முதலில் இருப்பது இன்றைக்கு அதிகம் புழங்கும் பொருளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "அழகான" என்பதுதான் இந்தச் சொல்லின் பழைய பொருள், பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. இன்று ஒரு பெண்ணை அழகானவர் என்று சொல்ல யாராவது ஃபேர் என்று எழுதினால், படிப்பவர் அவருடைய நிறத்தைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்வார். சந்தை என்ற பொருளோ லத்தீனில் திருவிழாவைக் குறித்த சொல்லிலிருந்து தனியாக வந்தது. இரண்டும் உண்மையில் இரண்டு சொற்கள், எழுத்துக்கூட்டல் மட்டும் ஒன்றாகிவிட்டது. பெரிய ஆங்கில அகராதிகள் அவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரித்துக் காட்டும். சிறிய இருமொழி அகராதியில் எல்லாம் ஒரே வரியில் கிடக்கும்.

"ஓரளவு நல்ல" என்ற பொருளில் ஒரு பொறி இருக்கிறது. பழைய புத்தகம் விற்பவர்கள் புத்தகத்தின் நிலையைச் சொல்ல வைத்திருக்கும் தரவரிசையில் "குட்" என்பதே சாதாரணமாகப் புழங்கித் தேய்ந்த புத்தகம்தான். "ஃபேர்" அதற்கும் கீழே: உள்ளடக்கப் பக்கங்கள் எல்லாம் இருக்கும், ஆனால் அட்டையை ஒட்டிய வெற்றுத்தாள் போயிருக்கலாம், முன்பக்கத் தாள் ஏதாவது கிழிந்து காணாமல் போயிருக்கலாம். அகராதியில் "ஓரளவு நல்ல" என்று படித்துவிட்டு இணையத்தில் வாங்கினால் ஏமாற்றம்தான், விற்றவரைக் குறை சொல்லவும் முடியாது. நல்லது, சுமார், மோசம் என்று மதிப்பிடும் எல்லா இடத்திலும் ஃபேர் என்பது "குட்"டுக்குக் கீழே நிற்கும் சொல் என்பதைக் காற்புள்ளிப் பட்டியல் காட்டாது.

ஆக, படிக்கும்போது தாராளமாகப் பாருங்கள். எழுதும்போது இதை மட்டும் நம்பி ஒரு சொல்லை எடுத்து வைக்காதீர்கள்.

## ஆங்கிலம்–ஆங்கிலம், ஆனால் எந்த ஆங்கிலம்–ஆங்கிலம்?

இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். ஆங்கிலம்–ஆங்கில அகராதிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காக எழுதப்பட்டது. இன்னொன்று அதை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்காகவே எழுதப்பட்டது, இதைத்தான் மாணவர் அகராதி என்கிறேன். முதல் வகையைத் திறந்துவிட்டுத்தான் "நாலு சொல் புரியலை" என்று பலரும் மூடிவிடுகிறார்கள்.

இரண்டாம் வகை பிறந்த விதமே நம்மைப் போன்றவர்களுக்காகத்தான். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ.எஸ். ஹார்ன்பி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் தயாரித்த அகராதி 1942-இல் அங்கே வெளிவந்தது. அதைத்தான் ஆக்ஸ்ஃபோர்டு 1948-இல் எடுத்து வெளியிட்டது, இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் என்று நாம் பார்ப்பது அதன் வழிவந்ததே. லாங்மன் 1978-இல் கொண்டுவந்த அகராதியில் எல்லாச் சொற்களையும் ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள் நின்றே விளக்கினார்கள். 1987-இல் வந்த கோபில்ட் என்ற மாணவர் அகராதி இன்னொரு படி மேலே போய், விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. "ஒரு விஷயத்தையோ ஒருவரையோ இப்படிச் சொன்னால் அதற்கு அர்த்தம் இது" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுபோல இருக்கும். அதனால் சொல் எந்தச் சூழலில் வரும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த வகை அகராதியில் ஃபேரைத் தேடினால் கிடைப்பது முற்றிலும் வேறு. ஒவ்வொரு பொருளுக்கும் எண், எண்ணுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒருவரிடம் நியாயமாக நடப்பதற்கு ஃபேருக்குப் பின்னால் "டு" வரும், பிரிட்டிஷ் வழக்கில் "ஆன்" என்பதும் வரும் என்று இலக்கணமும் பக்கத்திலேயே இருக்கும். "பிளே ஃபேர்" என்பதில் "லி" சேர்க்கத் தேவையில்லை என்பதை அங்கேதான் பார்க்க முடியும். "ஃபேர் எனஃப்" என்றால் "சரி, நீங்கள் சொல்வதும் ஒத்துக்கொள்ளக்கூடியதுதான்" என்ற பேச்சுவழக்கு என்றும், "ஃபேர் கேம்" என்றால் விமர்சிக்கவோ கேலி செய்யவோ தடையில்லாத ஆள் என்றும் தனியாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "நியாயமான விளையாட்டு" என்று வரும், அது முழுக்கத் தவறு.

"ஃபேர்லி" என்ற வடிவத்துக்கு மட்டும் ஒரு நிமிடம் நிற்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், தனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது என்று சொல்ல நினைத்து "ஃபேர்லி கான்ஃபிடென்ட்" என்று எழுதினால், படிப்பவருக்கு "ஓரளவு நம்பிக்கை இருக்கிறது" என்றுதான் கேட்கும். ஒருவரை நியாயமாக நடத்தினார்கள் என்னும்போது அதே ஃபேர்லி "நியாயமாக" ஆகிவிடும். வினைச்சொல்லோடு வந்தால் பெரும்பாலும் நியாயம், குட், ஈஸி போன்ற பெயரடைக்கு முன்னால் வந்தால் "ஓரளவு". மாணவர் அகராதியில் இரண்டும் தனித்தனி எண்ணில் நிற்கும், எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

மறைமுகச் செலவு இல்லாமல் இல்லை. அந்த 2,000, 3,000 அடிப்படைச் சொற்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும், தெரியாதவரை இது சுமைதான். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று நிமிடம் போகும். ஒரு பக்கம் படிக்கப் பத்து முறை இதைத் திறந்தால் படிப்பே வெறுத்துப்போகும். அப்படி அடிக்கடி திறக்க வேண்டியிருந்தால் அந்தப் பக்கம் உங்களுக்கு இப்போது கொஞ்சம் கனமானது, தமிழ் அகராதியை வைத்தே முடித்துவிடுங்கள். ஆனால் ஒரு சொல்லை நீங்களே எழுதப்போகிறீர்கள் என்றால் அந்த மூன்று நிமிடத்தைக் கட்டாயம் கொடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றின் மாணவர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் என்று மூன்றும் சேர்ந்த அகராதிகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கு அவை நல்ல பாலம். வாங்குவதாக இருந்தால் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் புரட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் இருமொழி அகராதியின் தடிமனான வடிவத்தைத்தான் வாங்குகிறீர்கள்.

## தெசாரஸ்

பீட்டர் மார்க் ரோஜெட் ஒரு மருத்துவர். தன் சொந்த உபயோகத்துக்காக 1805-இல் தொடங்கிய சொல் தொகுப்பை எழுபது வயதைத் தாண்டிய பிறகு 1852-இல் வெளியிட்டார். அவர் அதைப் பொருள் அகராதியாக நினைக்கவில்லை. கருத்து மனதில் இருக்கிறது, சொல் நாக்கு நுனியில் நிற்கிறது, அதைப் பிடித்துக்கொடுக்க ஒரு கருவி. தெரிந்த சொல்லை நினைவூட்டுவதற்கு என்று உருவானதைத் தெரியாத சொல்லைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துவதுதான் இன்று நடக்கும் பெரிய தவறு, அதிலும் "ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே" என்று பயமுறுத்தப்பட்ட மாணவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

ஃபேருக்கு இணைச்சொல் என்று ஜஸ்ட், இம்பார்ஷியல், ஈக்விட்டபிள், ரீசனபிள், பிளாண்ட், ஆவரேஜ் எல்லாம் வரும். இவற்றில் ஒன்றுகூட எல்லா இடத்திலும் பொருந்தாது:

| தொடர் | இங்கே பொருள் | பதிலுக்கு வைக்கலாம் | வைத்தால் கெடும் |
|---|---|---|---|
| ஃபேர் பிரைஸ் | அதிகமில்லாத, ஏற்கத்தக்க விலை | ரீசனபிள் | இம்பார்ஷியல் |
| ஃபேர் ரெஃப்ரி | பக்கம் சாயாத நடுவர் | இம்பார்ஷியல் | ரீசனபிள் (சொன்னால் கேட்கும் நடுவர் என்றாகும்) |
| ஃபேர் ஷேர் | சேரவேண்டிய பங்கு | ஈக்விட்டபிள் (அறிக்கை நடையில் மட்டும்) | இம்பார்ஷியல் |
| ஃபேர் ஹேர் | வெளிர் நிற முடி | பிளாண்ட் | ஜஸ்ட் |
| ஃபேர் அமவுண்ட் | கணிசமான அளவு | கன்சிடரபிள் | ஜஸ்ட் |
| ஃபேர் வெதர் | மழையில்லாத வானிலை | ஃபைன் | ஆவரேஜ் |

இணைச்சொல் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. ஜஸ்ட் என்பதில் அறமும் சட்டமும் சேர்ந்த கனம் இருக்கிறது, தண்டனை, போர், தீர்ப்பு போன்றவற்றோடு போகும். கேக்கை இரண்டாக வெட்டியதைச் சொல்ல அதை இழுத்து வந்தால் வாக்கியம் திடீரென்று நீதிமன்றத்துக்குள் நுழைந்துவிடும். ஈக்விட்டபிள் அறிக்கைக்காரர்களின் சொல். வீட்டுப்பாடத்தை நண்பரோடு பிரித்துக்கொண்டதைப் பற்றி எழுதும்போது ஃபேர்தான் இயல்பு, இரண்டாம் முறை வந்தாலும் ஃபேராகவே இருக்கட்டும். எளிய சொல் ஒரு பத்தியில் இரண்டு முறை வந்தால் படிப்பவர் கவனிக்கக்கூட மாட்டார்.

தெசாரஸ் சரியான தேர்வாக இருப்பது ஓர் இடத்தில்தான். அது காட்டும் பட்டியலில் உங்களுக்கு முன்பே நன்றாகப் பழக்கமான சொல் ஒன்று கண்ணில் படுகிறது, "அட, இதுதானே நான் தேடினது" என்று தோன்றுகிறது. அப்போது எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத சொல் என்றால் மாணவர் அகராதியில் ஒரு முறை பார்க்காமல் வைக்காதீர்கள். எந்தச் சொல் எதோடு சேரும் என்பதற்கென்றே தனி அகராதியும் இருக்கிறது, ஆக்ஸ்ஃபோர்டு 2002-இல் வெளியிட்ட கலோகேஷன்ஸ் அகராதி. அடிக்கடி ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்குத் தெசாரஸைவிடப் பல மடங்கு உதவக்கூடியது.

## மொழிபெயர்ப்புச் செயலி

சொல்லை மட்டும் தட்டாதீர்கள், முழு வாக்கியத்தையும் கொடுங்கள். இதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கூகுளின் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011-இல் சேர்ந்தது. ஆரம்பத்தில் துண்டுதுண்டாகச் சொற்களை ஒட்டிக் கொடுத்த கருவிகள் இப்போது வாக்கியம் முழுவதையும் பார்த்து மொழிபெயர்க்கின்றன. ஃபேர் என்று தனியாகக் கொடுத்தால் பல பொருளில் ஒன்றுதான் பெரிதாக வந்து நிற்கும். மழை, வானம் என்று சுற்றிச் சொற்கள் இருந்தால் வானிலைப் பொருளைப் பிடித்துக்கொள்ள அதற்கு ஏதுவாக இருக்கும்.

ஆனால் நான்காவது அளவுகோலில் இது கீழே விழுகிறது. தவறான மொழிபெயர்ப்பும் சரளமான தமிழில்தான் வரும், உறுத்தாது. அறிவிப்புப் பலகை, மருந்துப் பெட்டியின் மேலட்டை, அவசரமாக வந்த மின்னஞ்சலின் சாரம், இவற்றுக்குச் சரி. மருந்தின் அளவையோ ஒப்பந்தத்தின் ஷரத்தையோ இதை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். சொல் கற்றுக்கொள்ளவும் இது உதவாது, ஏனென்றால் வாக்கியம் புரிந்தவுடன் சொல்லை மறந்துவிடுவோம்.

## சாட்பாட்

வேறுபாடு கேட்க இதைவிட வசதியான இடம் கிடையாது. "ஃபேருக்கும் ரீசனபிளுக்கும் என்ன வித்தியாசம், தமிழில் விளக்கு" என்று கேட்டால் அகராதியில் இரண்டு பக்கம் புரட்டிப் பெற வேண்டியது ஒரே பதிலில் வந்துவிடும். உங்கள் வாக்கியத்தைக் கொடுத்து "இங்கே இந்தச் சொல் பொருந்துமா, பொருந்தாவிட்டால் ஏன்" என்று கேட்கலாம். அகராதியால் செய்ய முடியாத வேலை இது, எழுதக் கற்பவர்களுக்குப் பெரிய வரம் என்றே நினைக்கிறேன்.

கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "இது சரிதானே?" என்று கேட்டால் சரி என்று சொல்லிவிடும் சாய்வு அதற்கு உண்டு. "இதில் எது இயல்பில்லாமல் இருக்கிறது?" என்று கேளுங்கள். சொல்லின் வரலாறு, எந்த ஆண்டில் வந்தது, யார் முதலில் எழுதினார் போன்றவற்றை நம்பிக்கையான குரலில் கற்பனையாகவும் சொல்லும், ஆகவே அவற்றை அகராதியில் சரிபார்க்காமல் யாருக்கும் சொல்ல வேண்டாம். அப்புறம், அலுவலகக் கடிதத்தை அப்படியே ஒட்டுவதற்கு முன்னால் பெயர்களையும் எண்களையும் எடுத்துவிடுங்கள்.

## இலவசச் செயலியை நிறுவுவதற்கு முன்னால்

ஆங்கில அகராதி என்ற பெயரில் கிடைக்கும் இலவசச் செயலிகள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது 1913-ஆம் ஆண்டின் வெப்ஸ்டர் அகராதி, இலவசத் தெசாரஸ் என்றால் 1911-இல் வந்த ரோஜெட் பதிப்பு. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் எடுத்து மேலே புது வடிவமைப்பைப் போட்டுத் தரலாம். பழைய ஆங்கில இலக்கியம் படிப்பவருக்கு அது பொக்கிஷம். இன்றைய மின்னஞ்சல் எழுதுபவருக்கு அது நூறாண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுக்கும், அதில் எது இன்று வழக்கொழிந்தது என்பதும் தெரியாது.

கண்டுபிடிப்பது எளிது. செயலியைத் திறந்து கம்ப்யூட்டர் என்ற சொல்லைத் தேடுங்கள். 1913 வெப்ஸ்டரில் அதற்குக் "கணக்கிடுபவர்" என்ற பொருள் மட்டுமே உண்டு, ஏனென்றால் அன்றைக்கு அது ஆளைக் குறித்த சொல். மின்னணுக் கருவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் அது மட்டும் வந்தால், அந்தச் செயலியை நீக்கிவிட்டு மேலே சொன்ன மூன்று மாணவர் அகராதிகளில் ஒன்றைப் போனின் முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.